பாலத்துக்கு அப்பாலா, வளவுக்கு மேலேயா? ஆரையம்பதிப் பக்கம் ஊர் வளரும் வழிகள்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டித் தெற்கே போனால் நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாளங்குடா என்று ஏ4 வீதியின் இரண்டு பக்கமும் ஒரு ஊர் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் வீடுகள். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் சில கிலோமீற்றர் அகலத்துக்கு மணல். இனி வரப்போகும் குடும்பங்களை இந்த மணலில் எங்கே குடிவைப்பது? தேர்தல் மேடையில் இதை 'அபிவிருத்தி' என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். நம் முன்னால் இருப்பதோ நாலைந்து வழிகள். ஒவ்வொன்றுக்கும் விலை வேறு, அந்த விலையைக் கொடுக்கப்போகிறவர்களும் வேறு.

யாருக்கு வீடு தேவைப்படுகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கொழும்புப் பக்கம் நகரம் பெருப்பது வேலை தேடி வருகிறவர்களால். இங்கே பெரும்பாலும் சீதனத்தால். கிழக்கில் தமிழ்க் குடும்பம் என்றாலும் முஸ்லிம் குடும்பம் என்றாலும் வீடு மகளுக்குத்தான். மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடு, அதுவும் தாய்வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில். கல்யாணப் பேச்சு வருமுன்னே தகப்பன் அத்திவாரம் போட்டிருக்க வேண்டும். ஆகவே இங்கே ஊர் விரிவது ஒவ்வொரு வளவுக்குள்ளும் நடக்கிறது. இதைக் கணக்கில் எடுக்காத திட்டம், வரைபடத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், நம் ஊரில் ஒரு மகளைக்கூட அதன் கோட்டுக்குள் குடிவைக்காது.

நான் எல்லா வழியையும் தண்ணீரை வைத்துத்தான் அளக்கப்போகிறேன். மழைத்தண்ணீர் எங்கே வடியும், குடிதண்ணீர் எங்கிருந்து வரும், மலசலகூடக் குழித்தண்ணீர் எங்கே போகும். வீதியும் கரண்டும் பள்ளிக்கூடமும் பிறகு. அவற்றைக் காசிருந்தால் எங்கேயும் கொண்டுபோகலாம். மட்டக்களப்பில் ஆண்டுக்கு சராசரியாக 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களில் கிணறுதான் தெய்வம்.

அந்தக் கிணறு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணலில் மழைநீர் இறங்கி, அடியிலிருக்கும் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு ஒரு மீற்றர் மேலே நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது மீற்றர் ஆழத்துக்கு உப்பை அது தள்ளி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு. திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும்: மேலே அரை மீற்றர் இறங்கினால் கீழே இருபது மீற்றர் உப்பு ஏற வழி பிறக்கிறது. மணலை எவ்வளவு தூரம் சீமெந்தால் மூடுகிறோமோ, எத்தனை மோட்டர் போட்டு இறைக்கிறோமோ, அந்த அளவுக்கு இந்த மிதப்பு மெலியும்.

சும்மா இருப்பதும் ஒரு வழி

எந்த முடிவும் எடுக்காவிட்டால் நடக்கப்போவது இப்போது நடப்பதுதான்: வளவு துண்டாகும். நாற்பது பேர்ச்சஸ் வளவு மூன்று மகள்களுக்குப் பதின்மூன்று பதின்மூன்றாகப் பிரியும். அவர்களுடைய மகள்மாரின் காலத்தில் ஆறு ஆறாகும். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிப்படி குறைந்தபட்சத் துண்டு 150 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ ஆறு பேர்ச்சஸ். ஆகச் சட்டத்துக்குள்ளேயே இது நடக்கலாம்.

இப்போது அந்த ஆறு பேர்ச்சஸைக் கடதாசியில் கீறிப் பாருங்கள். அகலம் 33 அடி, நீளம் 49 அடி என்று வைத்துக்கொள்வோம். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் ஐம்பது அடி இருக்க வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். இந்தத் துண்டில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்தால் 59 அடி வரும். கிணறு ஒரு மூலையில், குழி மற்ற மூலையில், வீடு நடுவில். தப்பினோம் என்று நினைத்தால், பின்வளவுக்காரரும் பக்கத்து வளவுக்காரரும் தங்கள் குழியை எந்த மூலையில் வைத்திருக்கிறார்கள்? உங்கள் கிணற்றை ஒட்டிய மூலையில். ஒரு வளவுக்குச் சரியாக வருகிற கணக்கு நாலு வளவு சேர்ந்தால் சரிவராது. மணல் வேறு, களிமண் போல் வடிகட்டிப் பிடித்து வைக்காது, வாங்கியதை அப்படியே அடுத்த கிணற்றுக்குக் கொடுத்துவிடும்.

'அதுதான் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதே' என்பார்கள். வந்திருக்கிறது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு இந்தப் பக்கம் வருகிறது. ஆனால் குளிப்பு, உடுப்புத் தோய்ப்பு, மரங்களுக்கு ஊற்றுவது எல்லாம் இன்றும் கிணற்றில்தான். கோடை நீண்டு குளம் வற்றினால் அதே தண்ணீரை வயலும் கேட்கும். கிணற்றைக் கைவிட்ட ஊர், வாவிக்கு மேற்கே படுவான்கரை விவசாயியோடு தண்ணீருக்குப் போட்டி போடுகிற ஊராகிவிடும்.

கடல் பக்கம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே அனுமதியில்லாமல் ஒன்றும் கட்ட முடியாது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடே வேண்டாம் என்றார்கள், பிறகு தளர்த்தினார்கள். தோணிக்காரருக்கும் கரைவலைக்காரருக்கும் கடல் கிட்ட வேண்டும், அவர்கள் இருக்கட்டும். மற்ற எவருக்கும் அங்கே புதிதாகப் போக ஒரு காரணமும் இல்லை. தாழையும் அடம்பனும் சவுக்கும் இருக்கிற மணல்மேட்டை வெட்டி வாடிவீடு கட்டுவதை வளர்ச்சி என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் நாவலடி ஆட்களைத் திராய்மடுவுக்கு மாற்றிய கதையை இந்த இடத்தில் விட்டுவிடவும் கூடாது. சுனாமியில் அழிந்த நாவலடிக்குப் பதிலாக நகரின் வடக்கே திராய்மடுவில் வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். கடலுக்குப் பயந்து எடுத்த முடிவு, அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் போன இடம் தாழ்வானது, மாரியில் தண்ணீர் நிற்கிற இடம். தொழிலோ கடலில். ஒரு ஆபத்தை மட்டும் பார்த்துக் காணியைத் தெரிவு செய்தால் இப்படித்தான் ஆகும்.

வாவிப் பக்கம் நிரப்புவது

இதுதான் இப்போது எல்லோருக்கும் இனிக்கிற வழி. வாவிக்கரைத் தாழ்நிலமும் பழைய வயல்துண்டுகளும் மலிவு, வீதியோ கிட்ட. டிப்பரில் கிறவல் கொட்டி மேடாக்கினால் அடுத்த வருஷம் பேர்ச்சஸ் கணக்கில் விற்கலாம். வீடு கட்டவென்று இப்படி ஒரு துண்டைப் பார்க்கப் போனபோது கூட வந்த மேசன் சொன்னார்: "மூண்டடி மண்ணப் போட்டாச் சரி அண்ணன். தண்ணி அவன்ட பக்கம் போயிரும்."

அவர் பொய் சொல்லவில்லை. ஒரு பேர்ச் 272 சதுர அடி. பத்துப் பேர்ச்சஸை மூன்றடி உயர்த்த 8,167 கன அடி மண் வேண்டும், அதாவது 82 கியூப். மூன்று கியூப் டிப்பர் என்றால் 27 லோட், இறுகித் தாழ்வதற்குப் போடும் மேல்மிச்சம் வேறு. செலவு உங்களுடையது. ஆனால் வெள்ளக்காலத்தில் அந்தக் குழிவில் நின்றிருக்க வேண்டிய ஏறக்குறைய 2,30,000 லீற்றர் தண்ணீர் இனி அங்கே நிற்காது. அதுதான் 'அவன்ட பக்கம்'. அவனும் அடுத்த வருஷம் மூன்றடி போடுவான். கடைசியில் மண் போட வசதியில்லாதவன் முற்றத்தில் எல்லாருடைய தண்ணீரும் நிற்கும். ஒரு ஏக்கரை மூன்றடி நிரப்பினால் இடமிழக்கும் தண்ணீர் 37 இலட்சம் லீற்றர் அளவில் வரும்.

வாவிக்கு ஏன் இந்தக் கரைத் தாழ்வு தேவை என்றால், வாவிக்குத் தண்ணீர் வருகிற வழி அகலம், போகிற வழி ஒடுக்கம். 56 கிலோமீற்றர் நீளமான வாவி. கடலுக்கு இரண்டே வாய், பாலமீன்மடுப் பக்கம் ஒன்று, கல்லாற்றுப் பக்கம் ஒன்று. கோடையில் மணல் மூடிவிடும். மாரியில் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்று வருஷா வருஷம் சண்டை: வயல்காரர் இன்றைக்கே வெட்டு என்பார், மீன்காரர் இறால் குஞ்செல்லாம் போய்விடும், பொறு என்பார். அந்த இழுபறி நாட்களில் தண்ணீர் காத்திருக்கிற இடம்தான் நாம் நிரப்புகிற கரை. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

சட்டமும் இங்கே தெளிவு. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ், கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியில்லாமல் நெற்காணியை நிரப்பவோ அதில் கட்டவோ முடியாது. நடைமுறையில் இரவில் டிப்பர் வரும், ஒரு மூலையில் நாலு தென்னங்கன்று நிற்கும், பிறகு அது 'மேட்டுக்காணி' என்று பேர் வாங்கும். வாங்குகிறவர் காணி உறுதிப் பத்திரத்தை மட்டும் பார்க்காமல், அந்தக் காணி கமநல சேவை நிலையத்தின் நெற்காணி இடாப்பில் இருக்கிறதா என்றும் ஒரு நடை போய்க் கேட்பது நல்லது. வீட்டுத் திட்டத்துக்கு அனுமதி கேட்கும்போது கைபிசைவதைவிட அது லேசு.

மண்முனைப் பாலம் தாண்டினால்

2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது 'பாதை' என்கிற மிதவைப் படகில் மோட்டார் சைக்கிளை ஏற்றி வாவி கடந்த காலம் முடிந்தது. இப்போது ஆரையம்பதியிலிருந்து மகிழடித்தீவும் கொக்கட்டிச்சோலையும் சில நிமிடத் தூரம். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் பேர்ச்சஸ் விலை கேட்டு மலைத்த குடும்பங்கள் மேற்கே பார்க்கத் தொடங்கியதில் வியப்பில்லை. அங்கே வெளி இருக்கிறது, காற்று இருக்கிறது. கோயிலும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் உண்டு.

இந்த வழியை நான் பாதி விரும்புகிறேன். பாதி என்றது ஏனென்றால், படுவான்கரை முழுவதும் வீடு கட்டுகிற நிலம் இல்லை. பழைய ஆட்கள் மேட்டில் ஊரையும் பள்ளத்தில் வயலையும் வைத்தார்கள். வரைபடம் பார்த்து அல்ல, மாரியில் மாடு எங்கே போய்ப் படுக்கிறது என்று பார்த்து வைத்திருப்பார்கள். உன்னிச்சையிலும் நவகிரியிலும் வான்கதவு திறந்தால் தாழ்ந்த வீதிகளைத் தண்ணீர் மூடும். அன்றைக்கு எட்டுக் கிலோமீற்றரும் எண்பது கிலோமீற்றரும் ஒன்றுதான். யானை வேறு. வெல்லாவெளிப் பக்கத்திலும் வவுணதீவுப் பக்கத்திலும் யானையால் பயிரும் போகிறது, உயிரும் போகிறது. வயலோரத்தில் தனித்தனியாக வீடு தூவினால் வேலியும் வெளிச்சமும் எல்லா வீட்டுக்கும் எட்டாது. ஏற்கெனவே இருக்கிற ஊரை ஒட்டித் திரளாகக் குடியிருந்தால் எட்டும்.

காணியின் உரித்தையும் பார்க்க வேண்டும். படுவான்கரையில் கணிசமானது அரச அனுமதிப்பத்திரக் காணி. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தவை. உத்தரவில்லாமல் விற்கவோ, நினைத்தபடி துண்டு போடவோ முடியாது. மகளுக்குச் சீதன உறுதி எழுத வேண்டிய தகப்பன் 'பெமிட் காணி மலிவு' என்று வெள்ளைக் கடதாசியில் வாங்கினால், மருமகன் வீட்டார் கேட்கிற முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு, அதை நாம் எழுவான்கரைக்காரர் வசதியாக மறந்துவிடுகிறோம். அங்கே போய் நாம் வாங்குகிற ஒவ்வொரு ஏக்கரும் யாரோ ஒருவருடைய வயலுக்கோ மாட்டுக்கோ பக்கத்து நிலம். பெரும்போகத்தில் மாடு வயலுக்குள் வராமல் வெளியே கொண்டுபோய்க் கட்டுவார்கள். அந்த வெளியில் நாம் மதில் எழுப்பினால் மாடு எங்கே போகும்? உன்னிச்சைத் தண்ணீர் நகரத்துக்குக் குழாயில் ஓட, குளத்துக்குக் கிட்டிய கிராமங்கள் குடிதண்ணீர் கேட்டுக் காத்திருந்த வருஷங்களும் உண்டு. காணியிலும் அதே கதையைத் திரும்ப எழுதக்கூடாது.

வளவுக்கு மேலே

மிச்சமிருப்பது மாடி. ஆரையம்பதியில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் கொங்கிறீட் கூரைக்கு மேலே தூண் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிற வீடு இரண்டு மூன்று காணலாம். கம்பி துருப்பிடித்து, சிலதில் உடுப்புக் காயப்போடக் கயிறு கட்டி. 'பிறகு மேலே எழுப்பலாம்' என்று விட்டது. கட்டுவதற்கு மனசு இருந்தது என்பதற்கு அந்தக் கம்பியே சாட்சி. பிறகு ஏன் எழும்பவில்லை?

காசு ஒரு காரணம். ஆனால் காசு சேர்ந்தவர்களும் மேலே எழுப்பாமல் வாவிக்கரையில் பத்துப் பேர்ச்சஸ் வாங்குகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை தடை உறுதியில் இருக்கிறது. சீதனம் என்றால் மண். மேல்வீட்டுக்கு மண் எங்கே? மாடியைத் தனி உடைமையாக எழுத 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அது பெரிய கட்டடத் தொகுதிகளை மனதில் வைத்த சட்டம். அக்கா கீழே தங்கை மேலே என்று இரண்டே வீட்டுக்காக நில அளவையாளரிடம் தனி வரைபடம் செய்து, சான்றிதழ் எடுத்து, பதிவு செய்ய யார் அலைவார்? அலையாதவர்கள் 'பிரிக்கப்படாத அரைப் பங்கு' என்று எழுதி வைப்பார்கள். அதை வைத்து வங்கியில் கடன் எடுப்பது கஷ்டம், தங்கையின் மகளுக்கு மறுகா எழுதும்போது தலையிடி இரட்டிக்கும்.

வாழ்க்கைச் சிக்கலும் இருக்கிறது. இரண்டு சகலன்மார் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குவது எல்லாக் குடும்பத்துக்கும் ஒத்துவராது. படி வெளிப்பக்கமாக, வாசல் வேறு வேறு ஒழுங்கையைப் பார்த்து வைத்தால் பாதிச் சண்டை குறையும் என்பது மேசன்மாருக்கே தெரியும். கல்முனை, மருதமுனைப் பக்கம் சுனாமிக்குப் பிறகு எழுந்த மாடித் தொகுதிகளில் போய்ப் பார்த்தால், பொதுத் தொட்டி, பொதுக் குழி, பொதுப் படி என்று 'பொது' எங்கே வருகிறதோ அங்கே கவனிப்பார் இல்லாமல் போவது தெரியும். அதனால்தான் பெரிய தொகுதியை விட, ஒரே தாயின் இரண்டு மகள்கள் மேலும் கீழும் இருக்கிற இரண்டு தட்டு வீடு நம் ஊருக்குப் பொருந்தும் என்கிறேன். 1978 நவம்பர் 23 சூறாவளியில் ஓட்டுக்கூரையும் தகரமும் பறந்ததைக் கண்ட ஊர் இது. கொங்கிறீட் தட்டு இருக்கிற வீட்டில் புயல் இரவில் ஒதுங்க ஒரு அறையாவது மிஞ்சும்.

தண்ணீர்க் கணக்கில் மாடி எப்படி? மணல் மூடப்படுவது பாதியாகக் குறைகிறது, கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்து வளவிலேயே இறக்கலாம், வயலைத் தொடத் தேவையில்லை. குழி மட்டும் குறையாது. இரண்டு குடும்பத்துக் கழிவும் ஒரே மணலுக்குள்தான். ஆகவே ஒழுங்கைக்கு ஒரு கழிவுநீர்க் குழாயும் பத்து இருபது வீட்டுக்குப் பொதுவான சுத்திகரிப்புத் தொட்டியும் இல்லாமல் மாடியை மட்டும் ஊக்குவித்தால், ஆறு பேர்ச்சஸ் கதையை இரண்டாம் தட்டில் தொடர்ந்ததாக முடியும். இது வீட்டுக்காரர் தனியாகச் செய்கிற வேலையில்லை. சபை இறங்க வேண்டும், அதுவும் தனியாக இறங்கிப் பயனில்லை. காத்தான்குடிக்கு நகர சபை, ஆரையம்பதிக்குப் பிரதேச சபை; எல்லையில் வடிகானை ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் மூடினால் இரண்டு ஊர் முற்றத்திலும் தண்ணீர் நிற்கும். இனத்தின் பேரால் எதைப் பேசினாலும் வடிகானையாவது சேர்ந்து வெட்டியே ஆக வேண்டும்.

எதை முதலில்

என் கையில் விட்டால், முதலில் வாவிப்பக்க நிரப்பலை நிறுத்துவேன். மலிவாகத் தெரிவதெல்லாம் செலவை அயலவன் தலையில் போடுவதால் வந்த மலிவு. அதை நிறுத்தாமல் மற்ற வழிகளை ஊக்குவிப்பது வீண். பத்துப் பேர்ச்சஸ் மலிவாகக் கிடைக்கும் வரை எவரும் படி ஏற மாட்டார்கள், பாலம் தாண்டவும் மாட்டார்கள். நிறுத்துவதற்கு முன் வடிச்சல் போகிற தோணா, வாய்க்கால், மதகு எல்லாவற்றையும் மாரியில் நடந்து பார்த்துக் குறிக்க வேண்டும். கோடையில் போனால் எல்லாம் மேடாகத்தான் தெரியும்.

இரண்டாவது, ஒரே வளவில் அக்கா தங்கைக்கு மேலும் கீழும் உறுதி எழுதும் வழியை லேசாக்குவது. இதற்குச் சட்டத்தரணிமாரும் நில அளவையாளர்களும் உட்கார்ந்து ஒரு மாதிரி உறுதியும் மாதிரி வரைபடமும் தயாரித்தாலே பாதி வேலை முடியும். கழிவுநீருக்குச் செலவு பெரிது, காலம் எடுக்கும்; வீடுகள் ஆக நெருங்கிய ஒழுங்கைகளில் தொடங்கலாம்.

படுவான்கரை மூன்றாவது, ஆனால் அதற்கான ஒரு வேலையை இன்றைக்கே செய்ய வேண்டும். மகிழடித்தீவு, கொக்கட்டிச்சோலை ஊர்களை ஒட்டிய மேட்டில் வீதி ஒதுக்கத்துக்கும், விளையாட்டு மைதானத்துக்கும், எந்தத் திட்டத்திலும் மறந்துபோகிற மயானத்துக்கும் குப்பை போடுகிற இடத்துக்கும் காணி எடுத்து வைப்பது. பெரிய காணியைத் துண்டு போடும்போது பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக விட வேண்டும் என்று விதி இருக்கிறது. காணியை முன்கூட்டியே சின்னச் சின்ன உறுதிகளாக உடைத்துவிட்டால் அந்த விதி எட்டாது, அப்படி உடைக்கத் தரகர்மாருக்குச் சொல்லிக்கொடுக்கவும் தேவையில்லை. அங்கே இன்னும் பெரும்பாலும் ஏக்கர் விலைதான் பேசுகிறார்கள். பேர்ச்சஸ் விலை பேசத் தொடங்கிவிட்டால் மயானத்துக்கு ஒரு ஏக்கர் வாங்கச் சபையிடம் காசு இருக்காது.